பிஎம்எக்ஸ், ஸ்கேட்போர்டு நிகழ்ச்சிகளைப் படமெடுக்க அழைக்கப்படுவோர் கவனத்திற்கு

பிஎம்எக்ஸ் மிதிவண்டிச் சாகசங்களையும் ஸ்கேட்போர்டு சாகசங்களையும் நேரடி நிகழ்ச்சிகளில் படமெடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "அதிகாரப்பூர்வப் புகைப்படக் கலைஞர்" என்று என்னையும் இன்னும் சிலரையும் அழைத்த ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர், பேசிய இடத்தில் எங்களை நிற்க விடவில்லை. பேசிய தொகையை முழுமையாகத் தரவில்லை. எடுத்த படங்களை எங்களைக் கேட்காமலே ஸ்பான்சர் நிறுவனத்தின் விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டார். விவகாரம் இன்னும் முடியாததால் அவர் பெயரைச் சொல்லவில்லை. அதோடு, இதே முறையை வேறு அமைப்பாளர்களும் கையாளுகிறார்கள் என்று சக கலைஞர்கள் சொல்வதால், ஆள் யார் என்பதைவிட அந்த முறை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

மின்னஞ்சலில் பேசி முடித்த நிபந்தனைகளில் குழப்பம் எதுவும் இல்லை. U வடிவில் வளைந்த சாகசத் தளமான ஹாஃப் பைப்பின் மேல்தளமான டெக்கில் நிற்க அனுமதி உண்டு. என் ஃப்ளாஷ் விளக்குகளை ஸ்டாண்டில் நிறுத்திக்கொள்ளலாம். பயிற்சிச் சுற்றின்போதும் உள்ளே செல்லலாம். பாதித் தொகை முன்பணமாகவும், மீதி நிகழ்ச்சி முடிந்த 30 நாள்களுக்குள்ளும் வரும். படங்களை அமைப்பாளர் தம் சமூக வலைதளப் பக்கங்களில் என் பெயருடன் ஓராண்டு பயன்படுத்தலாம், வேறு யாருக்காவது தருவதானால் அதைத் தனியாகப் பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். அவரும் "சம்மதம்" என்று பதில் அனுப்பியிருந்தார். முன்பணம் சொன்ன நாளில் வந்தது. முன்பணம் ஒழுங்காக வருவதும் இந்த முறையின் ஒரு பகுதியே என்று இப்போது நினைக்கிறேன். அதை வாங்கிக்கொண்டு, லென்ஸ்களை வாடகைக்கு எடுத்து, அந்த வாரத்தின் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து, மூட்டை முடிச்சோடு அரங்கின் வாசல்வரை வந்துவிட்ட ஒருவர், அங்கே புதிதாக நீட்டப்படும் நிபந்தனையை மறுத்துவிட்டுத் திரும்பிப் போக மாட்டார் என்பது அவர்கள் கணக்கு.

வாசலில் ஒரு டேப்லெட்டை நீட்டினார்கள். தலைப்பில் "பாதுகாப்பு உறுதிமொழி" என்று இருந்தது. அடிபட்டால் அமைப்பாளர் பொறுப்பல்ல, போட்டித் தளத்துக்குள் தலைக்கவசம் அணிய வேண்டும், வீரர்களின் பாதையில் குறுக்கிடக் கூடாது என்று நியாயமான வாசகங்களே வரிசையாக வந்தன. அவற்றுக்கு நடுவே, தலைக்கவச வாசகத்துக்கு அடுத்ததாக, நிகழ்ச்சியில் எடுக்கப்படும் எல்லாப் படங்களின் முழு உரிமையும், எல்லா ஊடகங்களிலும், உலகெங்கும், என்றென்றும், மாற்றியமைக்கவும் பிறருக்கு வழங்கவும் உரிய அதிகாரத்துடன் அமைப்பாளரையே சேரும் என்று ஒரு பத்தி இருந்தது. காயம் பற்றிய படிவத்தில் பதிப்புரிமைக்கு என்ன வேலை என்று கேட்டேன். "இது வெறும் சம்பிரதாயம் சார், எல்லாரும் போட்டுட்டுதான் உள்ள போறாங்க" என்றார் அங்கிருந்த பணியாளர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படிவத்தை எழுதியவர் அவரல்ல. நான் காகிதப் பிரதி கேட்டு வாங்கி, அந்தப் பத்தியைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, அந்தத் தாளை அங்கேயே படமெடுத்து, "மின்னஞ்சலில் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளே செல்லும்" என்ற ஒரு வரியோடு அமைப்பாளருக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இளைஞர்கள் பலர், போட்டி தொடங்கிவிடுமோ என்ற பதற்றத்தில் விரலால் கிறுக்கிவிட்டு ஓடினார்கள்.

உள்ளே போனால் டெக்கில் எங்களுக்கு இடமில்லை. "புகைப்பட அனுபவம்" என்ற பெயரில் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அதே இடத்தைப் பார்வையாளர்களுக்கு விற்றிருந்தார்கள். பணம் கட்டி வந்தவர்கள் கைப்பேசியும் கேமராவுமாக விளிம்புவரை நெருக்கியடித்து நின்றார்கள். பாஸ் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்க, என்னை வேலிக்குப் பின்னால் அனுப்பினார்கள். பாஸில் "அனைத்துப் பகுதிகளுக்கும் அனுமதி" என்றுதான் அச்சிட்டிருந்தது. கேட்டதற்கு, டெக் அந்தப் பகுதிகளில் சேராது என்று பதில் வந்தது.

நிற்கும் இடத்துக்காக ஏன் இவ்வளவு வருத்தம் என்று, இந்தத் துறைக்குப் புதியவர்கள் கேட்கலாம். ஹாஃப் பைப்பில் வளைவின் உச்சியில் பதித்திருக்கும் உலோகக் குழாயைக் கோப்பிங் என்கிறோம். வீரர் அதைத் தாண்டி எவ்வளவு உயரம் எழும்பினார் என்பதைப் படத்தில் காட்ட அந்தக் குழாய் ஒன்றே அளவுகோல். அது மறைந்துவிட்டால் ஆளுயரத்துக்கு மேலே பறந்தவரும் ஒரு முழ உயரம் குதித்தவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். டெக்கில் குந்தி உட்கார்ந்து, மிக அகன்ற கோணத்தைக் காட்டும் ஃபிஷ் ஐ லென்ஸில் எடுக்கும்போது, சக்கரம் லென்ஸை உரசிப் போவது போன்ற அண்மையில், கோப்பிங்கும் வளைவும் வீரரின் முகமும் ஒரே படத்துக்குள் வந்துவிடும். வேலிக்குப் பின்னாலிருந்து, தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் 70-200 லென்ஸில் எடுத்தபோது எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் டெக்கில் நின்றவர்களின் முதுகுகளும், தூக்கிப் பிடித்த கைப்பேசிகளும், அவற்றுக்கு மேலே தனியாகத் தொங்கும் ஒரு மிதிவண்டியும்தான்.

ஒளியின் கதையும் அதுவே. பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 நொடியோடு நின்றுவிடும். அந்த வேகம் மட்டும் சுழலும் பலகையை உறைய வைக்கப் போதாது. அந்தி சாய்ந்தபின் ஸ்டாண்டில் நிறுத்திய ஃப்ளாஷ்களை முழு வலிமையில் 1/8, 1/16 பங்கு என்று குறைந்த வலிமையில் எரியவிட்டால், அவற்றின் ஒளித்துடிப்பு மிகக் குறுகியதாகி, அந்தத் துடிப்பே அசைவை உறைய வைக்கும். இதை மனத்தில் வைத்துத்தான் விளக்கு வைக்க இடம் வேண்டும் என்று முன்னரே எழுதிக் கேட்டிருந்தேன். வேலிக்குப் பின்னால் அதற்கு வழியில்லாததால், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றி, அரங்கின் எல்இடி விளக்குகளை நம்பி 1/1000 நொடியில் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த விளக்குகளின் கண்ணுக்குத் தெரியாத சிமிட்டலால் பல படங்களில் குறுக்கே கருங்கோடுகள் விழுந்துவிட்டன.

என் நட்டத்தைவிட என்னைக் கலங்க வைத்தது வேறு. பெரிய போட்டிகள் பலவற்றில் ஃப்ளாஷுக்குத் தடையோ கட்டுப்பாடோ இருக்கும். அனுமதி உள்ள இடத்திலும், விளக்கை எங்கே வைக்கிறோம், எந்தத் தருணத்தில் எரியும் என்பதை வீரரிடம் சொல்லிவிட்டு, அவருடைய பயிற்சிச் சுற்றில் ஒருமுறை எரித்துக் காட்டிய பிறகே படமெடுப்பது வழக்கம். டெக்கில் கட்டணம் கட்டி நின்றவர்களுக்கு இதை யாருமே சொல்லவில்லை. ஒரு பிஎம்எக்ஸ் வீரர் எழும்பிக் கோப்பிங்கை நோக்கித் திரும்பி இறங்கும் கணத்தில், தரையிறங்க வேண்டிய இடத்தைக் கண்கள் தேடும் அந்தக் கணத்தில், எதிரிலிருந்து வரிசையாக ஃப்ளாஷ்கள் எரிந்தன. அடுத்த முறை மேலே வந்தவர் சாகசத்தை விட்டுவிட்டு டெக்கில் ஏறி நின்று, புறங்கையால் கண்களை மறைத்துக்கொண்டார். அதன்பிறகுதான் ஃப்ளாஷ் கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அன்று யாருக்கும் எலும்பு முறியாதது அவர்களுடைய ஏற்பாட்டால் அல்ல.

நிகழ்ச்சி நடக்கும்போதே படங்களைப் பொதுக் கோப்புறைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்புக்கொண்ட வேலைதான். ஒவ்வொரு தொடர் படத்துக்கும், வீரர் விழாமல் தரையிறங்கினாரா இல்லையா என்பதை "லேண்ட் ஆனது", "லேண்ட் ஆகவில்லை" என்று கோப்பின் பெயரிலேயே குறித்து அனுப்பினேன். ஸ்கேட்போர்டு உலகில் இந்தக் குறிப்புக்கு இருக்கும் மதிப்பை வெளியே இருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. 1999ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் சாகச விளையாட்டுப் போட்டியில் அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் காற்றில் இரண்டரைச் சுற்று சுழலும் 900 சாகசத்தை நிகழ்த்தியபோது, மறுபடி மறுபடி விழுந்து எழுந்த பிறகே அதைத் தரையிறக்கினார். விழுந்த முயற்சியின் நடுவில் எடுத்த படமும், தரையிறங்கிய முயற்சியின் நடுவில் எடுத்த படமும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆனாலும் சாதனையாகக் கொண்டாடப்படுவது தரையிறங்கியது மட்டுமே. தரையிறங்காத சாகசத்தின் படத்தை, தரையிறங்கியது போல் வெளியிடுவது இந்தத் துறையில் பொய் சொல்வதற்குச் சமம். படத்தில் இருப்பவரையே அது பொய்யராக்கிவிடும்.

அமைப்பாளர் செய்தது அதைத்தான். "லேண்ட் ஆகவில்லை" என்று நான் பெயரிட்ட கோப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்து ஸ்பான்சருக்குக் கொடுத்திருக்கிறார். அது விளம்பரப் பலகையாக வந்தது. அந்த ஸ்கேட்போர்டு வீராங்கனை என்னை அழைத்து, "அண்ணா, அந்த ட்ரிக்கை நான் லேண்ட் பண்ணவே இல்லையே, நீங்க பாத்தீங்கதானே, எல்லாரும் என்னைக் கேலி பண்றாங்க" என்றார். விளம்பரத்துக்கு அவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்னொரு படம், ஒரு பிஎம்எக்ஸ் வீரருடையது. நிறுவனத்தின் சின்னத்தை இடப்பக்கம் வைக்க வேண்டும் என்பதற்காகப் படத்தையே இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். பெரும்பாலான பிஎம்எக்ஸ் வண்டிகளைப் போலவே அவருடைய வண்டியிலும் சங்கிலி வலப்பக்கம். விளம்பரத்தில் அது இடப்பக்கம் இருந்தது. தலைக்கவசத்தில் இருந்த எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறிப்போனதால் அவற்றை மங்கலாக்கியிருந்தார்கள். அந்த எழுத்துகள் அவருக்கு உதவித்தொகை தரும் நிறுவனத்தின் பெயர். தம் பெயர் அழிக்கப்பட்டு, வேறொருவர் விளம்பரத்தில் தங்கள் வீரர் நிற்பதைப் பார்த்த அந்த நிறுவனத்துக்கு அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. என் பெயர் இரண்டு படங்களிலும் இல்லை. கோப்புகளுக்குள் நான் பதிந்திருந்த பெயர்க் குறிப்பையும் காணவில்லை.

மீதித் தொகையைக் கேட்டபோது, ஸ்பான்சரிடமிருந்து பணம் வரவில்லை என்றார்கள். பிறகு கணக்காளர் ஊரில் இல்லை என்றார்கள். விளம்பரம் பற்றி எழுதியபின், நான் வாசலில் எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுத்துவிட்டதாகவே பதில் வந்தது. கோடிட்டு அடித்த தாளின் படத்தையும், அன்றே அனுப்பிய மின்னஞ்சலையும் இணைத்து அமைப்பாளருக்கும் ஸ்பான்சருக்கும் ஒரே நேரத்தில் கடிதம் அனுப்பினேன். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், படம் எடுக்கப்பட்ட கணத்திலேயே, எந்தப் பதிவும் இல்லாமல், பதிப்புரிமை உண்டாகிவிடுகிறது. படைப்பாளர் என்று உரிமை கொண்டாடவும், தம் நற்பெயர் கெடும்படி படைப்பைத் திரிப்பதை எதிர்க்கவும் அதன் 6-பிஸ் பிரிவு இடமளிக்கிறது. இவற்றையே கடிதத்தில் மரியாதையான சொற்களில் எழுதியிருந்தேன். விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், அனுப்புமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொண்டேன். ஸ்பான்சர் நிறுவனம் சில நாள்களில் இரண்டு விளம்பரங்களையும் நீக்கிவிட்டு, முழு உரிமையும் வாங்கப்பட்டுவிட்டதாகவே தங்களிடம் சொல்லப்பட்டிருந்தது என்று எழுதியது. அமைப்பாளரிடமிருந்து இன்றுவரை மீதித் தொகை வரவில்லை. விரலால் கையெழுத்திட்ட இளைஞர்களின் படங்கள் இன்னும் விளம்பரங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஸ்கேட்போர்டும் பிஎம்எக்ஸின் சாகசப் பிரிவான ஃப்ரீஸ்டைலும் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றபின், இந்த நிகழ்ச்சிகளைத் தேடி வரும் விளம்பரப் பணம் கூடியிருக்கிறது என்பது என் கணிப்பு. இத்தகைய அழைப்புகள் இனியும் வரும். வந்தால், "அனைத்துப் பகுதிகளுக்கும்" என்ற சொல்லை ஏற்காதீர்கள். டெக், தளத்தின் உட்புறம், பயிற்சிச் சுற்று என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். அதே இடத்தைப் பார்வையாளர்களுக்கும் விற்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். வாசலில் தரப்போகும் படிவத்தை முன்பணம் வாங்குவதற்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுப்பவரின் வேலையை நான் இனி ஏற்கப்போவதில்லை. தரையிறங்காத சாகசங்களின் படங்களைப் பொதுக் கோப்புறைக்கு அனுப்பாமல், வீரருக்கு மட்டும் தனியாகக் கொடுங்கள். படத்தைத் திருப்பவோ, வீரரின் உடையிலும் கவசத்திலும் இருக்கும் எழுத்துகளை அழிக்கவோ கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேருங்கள். வீரர் சிறுவராக இருந்தால், விளம்பரம் என்ற பேச்சு எழுந்தவுடன் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் எங்கே என்று கேளுங்கள். அது இல்லாமல் படம் போனால், எடுத்தவர் என்ற முறையில் உங்களிடமும் கேள்வி வரும்.

இதேபோன்ற "பாதுகாப்பு உறுதிமொழி"யில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள், அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. படிவத்தின் பிரதியைக் கேட்டு எழுதுங்கள். கேமரா பதிந்த மூலக் கோப்புகளான ரா கோப்புகளை எக்காரணம் கொண்டும் கைமாற்றாதீர்கள். உங்கள் படம் வந்திருக்கும் ஒவ்வொரு விளம்பரத்தையும் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதல் கடிதத்தை அமைப்பாளருக்கு மட்டும் அனுப்பாமல் ஸ்பான்சருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். எனக்கு முதலில் பதில் வந்ததும் அங்கிருந்துதான்.