குடைவதா, கொடுப்பதா: சிலிண்டர் ஹெட் போர்ட்டிங்கில் என் தேர்வு

போர்ட்டிங் என்றால், இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் காற்று போய்வரும் வழிகளை, அதாவது போர்ட்டுகளை, குடைந்து காற்றோட்டத்தைக் கூட்டுவது. என் பழைய காரின் எட்டு வால்வு அலுமினிய ஹெட் இன்ஜினிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தபோது மூன்று வழிகள் இருந்தன. நானே கிரைண்டரைப் பிடித்துப் போர்ட்டுகளைக் குடைவது ஒன்று. கணினிக் கட்டளைப்படி வெட்டும் சிஎன்சி இயந்திரம் உள்ள பட்டறையில் கொடுப்பது இன்னொன்று. ஏற்கெனவே குடைந்து விற்கப்படும் புதிய ஹெட்டை வாங்கிப் பூட்டுவது மூன்றாவது. நான் குடைந்தேன். முதல் நாளே கிரைண்டரின் வெட்டுமுனையான பர் வழுக்கி, வால்வு மூடும்போது அமரும் வளையமான வால்வு சீட் ஒன்றின் மேல் கோடு இழுத்துவிட்டது. அப்படியிருந்தும் அடுத்த ஹெட்டையும் நானேதான் குடைவேன்.

புதிய ஹெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையில் இருக்கும் ஹெட் விரிசல் விட்டிருந்தாலோ, சீட்டுகள் உள்வாங்கியிருந்தாலோ யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் பலரும் பந்தயத்துக்கு எடுக்கும் இன்ஜின்களுக்குத்தான் அப்படி ஹெட் கிடைக்கும். எரியறையின் கொள்ளளவு பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் பூட்டினால் கம்ப்ரெஷன் விகிதமே மாறிவிடும்.

சிஎன்சி பட்டறையின் பலம் சீர்மை. நான்கு போர்ட்டும் ஒன்றுபோல் வரும். கையால் அது கடினம். ஆனால் அந்த இயந்திரத்துக்குக் கற்பனை கிடையாது. யாரோ ஒருவர் கையால் குடைந்து, காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் வைத்துத் திருத்திய ஒரு போர்ட்டை அளவெடுத்து அப்படியே நகலெடுக்கிறது. அந்த மூலப் போர்ட்டைச் செய்தவர் கெட்டிக்காரர் என்றால் கொடுத்த பணம் வீண்போகாது. வால்வை அதிக உயரம் தூக்கும், அதாவது உயர்ந்த லிஃப்ட் உள்ள கேம்ஷாஃப்டும் பந்தயமும்தான் நோக்கம் என்றால் அங்கேயே போங்கள். நான் தடுக்க மாட்டேன். சாலையில் ஓடும் வண்டிக்குத்தான் என் கணக்கு வேறு.

முதல் முறை குடைபவர்கள் பெரும்பாலும் மேனிஃபோல்ட் குழாய் வந்து சேரும் பக்கத்து வாயில் தொடங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதும் கைக்கு எட்டுவதும் அதுதானே! கேஸ்கெட்டை வைத்துக் கோடு கீறி, அந்த அளவுக்கு வாயைப் பெரிதாக்கிவிட்டு, வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். காற்று திணறுவது பெரும்பாலும் அங்கே இல்லை. வால்வு சீட்டுக்கு அடியில் உள்ள இரண்டு சென்டிமீட்டரில்தான் சிக்கல்: வார்ப்பு விட்டுப்போன மேடு, சீட் வளையத்துக்கும் வார்ப்புக்கும் இடையிலான படி, வால்வுத் தண்டு ஓடும் குழலான கைடைச் சுற்றிய தடித்த முண்டு. வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு உயர்ந்ததும் அதைச் சுற்றித் திறக்கும் இடைவெளி அந்த வட்டத்தின் பரப்புக்குச் சமமாகிவிடும். என்னுடைய 36 மி.மீ. வால்வுக்கு அது 9 மி.மீ. அதற்குமேல் எவ்வளவு தூக்கினாலும் கழுத்தைப் பிடிப்பது கீழே இருக்கும் தொண்டைதான், அதாவது சீட்டுக்கு அடியில் உள்ள குறுகிய பகுதி. என் ஹெட்டில் தொண்டை 29.5 மி.மீ. இருந்தது, 31.5-க்குக் கொண்டுவந்தேன். வால்வு விட்டத்தில் ஏறத்தாழ 88 சதவீதம். இரண்டே மில்லிமீட்டர், ஆனால் பரப்பளவில் 14 சதவீதம் கூடுதல்.

போர்ட்டின் நடுப்பகுதியில் நான் கைவைக்கவே இல்லை. அங்கே அகலக்கால் வைத்தால் காற்றின் வேகம் குறையும். பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பிய பின்னும், வந்த வேகத்திலேயே சிலிண்டருக்குள் நுழையும் கொஞ்சம் காற்று வராமல் போகும். அதிக சுற்றில் கிடைக்கும் ஆதாயத்துக்குக் குறைந்த சுற்றின் இழுவையை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி, என்னைத் தீர்மானிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. போர்ட் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது. வார்க்கும்போது அச்சின் உள்கரு சற்று நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைக்கலாம்தான். அந்தச் சூட்டில் சீட் வளையம் தளரும், ஹெட்டின் முகம் கோணும், மறுபடி மழிக்க வேண்டும். அப்படியென்றால் அனுபவமுள்ள பட்டறையில் கொடுப்பதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இயந்திரம் தன் பாதையை முழுதாக ஓடி முடித்துவிடும்; பெரிய போர்ட்டுக்கு எழுதிய பாதை என்றால் பெரிய போர்ட்தான் கையில் வரும். வீட்டில் பாதியில் நிறுத்தலாம். இன்று தொண்டை மட்டும். மாட்டி, ஆறு மாதம் ஓட்டிவிட்டு, போதவில்லை என்றால் மறுபடி இறக்கி, போர்ட் திரும்பும் இடத்தின் உள்வளைவைக் கொஞ்சம் உருட்டலாம்.

நிறுத்தும் இடம் எப்படித் தெரியும்? களிமண்ணால். பொம்மை செய்யும் எண்ணெய்க் களிமண்ணைப் போர்ட்டின் தரையில் ஒட்டி, காற்றோட்டத்தை அளந்து பாருங்கள். ஓட்டம் குறையவில்லை என்றால் காற்று அந்த இடத்தைப் பயன்படுத்தவே இல்லை. அங்கே குடைவது வெட்டி வேலை. என் ஹெட்டில் தரையில் 3 மி.மீ. களிமண் அப்பியும் எண் அசையவில்லை. அன்றைக்கே தரையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

அளக்க, பழைய வாக்குவம் கிளீனர் மோட்டாரும் நீர்மட்டக் குழாயும் துளைத் தகடும் வைத்து நானே ஒரு பெஞ்ச் கட்டினேன். அது 10 அங்குல நீர் அழுத்தத்துக்குமேல் இழுக்காது. பட்டறைகள் பெரும்பாலும் 28 அங்குலத்தில் அளப்பவை. ஒப்பிட வேண்டுமென்றால் என் எண்ணை 1.67-ஆல் பெருக்க வேண்டும். அப்போதும் என் பெஞ்ச் அதனுடனேயே ஒப்பிடத்தான் லாயக்கு. 8 மி.மீ. லிஃப்டில் முன்பைவிட ஒன்பது சதவீதம் கூடியது என்று அது சொல்கிறது. இன்ஜின் திறனை அளக்கும் டைனோவில் வண்டியை ஏற்றவில்லை. ஆகவே குதிரைத்திறன் பற்றி வாய்திறக்க மாட்டேன். காற்று கூடியதால் கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் துளையான ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டியிருந்தது.

குடையும்போது பழைய வால்வு ஒன்றைச் சீட்டில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் அந்தக் கோடு. நீளத் தண்டு பர்ரைப் போர்ட்டுக்கு வெளியே முழு வேகத்தில் சுழலவிட்டால் தண்டு வில்லாக வளைந்துவிடும். உள்ளே வைத்த பிறகே சுவிட்சைத் தட்ட வேண்டும். அலுமினியம் பர்ரின் பற்களில் அப்பிக்கொள்ளும், மெழுகு தேய்த்தால் விடும். உள்ளிழுக்கும் போர்ட்டை 80 எண் உப்புத்தாளோடு விட்டுவிடலாம். கண்ணாடிபோல் மெருகேற்றினால் பெட்ரோல் சுவரில் ஈரமாகப் படிந்து வழியும். மெருகு வெளியேற்று போர்ட்டுக்கு.

எல்லாமே வீட்டில் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். சீட்டை 30, 45, 60 என்று மூன்று கோணத்தில் வெட்டும் வேலையைப் பட்டறைக்குத்தான் கொடுத்தேன்; அந்தக் கோடும் அதோடு போயிற்று. என் அனுபவம் சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள பெட்ரோல் ஹெட்டுகளோடு சரி. டீசல் ஹெட்டை நான் தொட்டதில்லை. அதில் போர்ட்டின் வளைவே காற்றைச் சுழற்றுவதற்காக வைக்கப்பட்டிருக்கும்; மேடு என்று நினைத்துச் செதுக்கினால் எரிதலே கெடலாம்.

மூன்றாவது போர்ட்டின் கூரையில் விரல் நகம் அளவுக்கு வார்ப்பின் சொரசொரப்பு இன்னும் இருக்கிறது. தடிமன் அளக்கும் கருவி அங்கே மற்ற இடங்களைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாகக் காட்டியது. கிரைண்டரை அணைத்துவிட்டு ஹெட்டைக் கழுவப் போய்விட்டேன்.