காதல் கதை என்று வாங்கினேன், உள்ளே வட்டிக் கணக்கு

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ நாவலை இரண்டாவது முறை படித்து முடித்தேன். முதல் முறை படித்தபோது கதாநாயகன் டார்சி எப்போதுதான் மனம் திறப்பான் என்பது மட்டுமே என் கவலை. இந்த முறை பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, பவுண்டு என்று வருகிற இடத்தில் எல்லாம் கோடு போட்டேன். கோடு போட்டு மாளவில்லை.

டார்சி நடன அரங்கில் கால் வைத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, வருஷம் 10,000 பவுண்டு வருமானமாம் என்று அரங்கம் முழுக்கப் பேச்சு. ஆள் எப்படி என்று தெரிவதற்கு முன்பே தொகை தெரிந்துவிடுகிறது. அவன் நண்பன் பிங்லிக்கு நாலாயிரமோ ஐயாயிரமோ. அப்பா விட்டுப்போனது ஏறக்குறைய ஒரு லட்சம். வாய்க்கு வந்த எண்கள் இல்லை இவை. நாவல் வந்த 1813 வாக்கில் இங்கிலாந்தில் கையில் காசு இருந்தவர்கள் அதை அரசாங்கக் கடன் பத்திரத்தில் போட்டுவிட்டு, நாலைந்து சதவீத வட்டியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லட்சத்துக்கு வட்டி போட்டுப் பாருங்கள், அதே நாலாயிரம், ஐயாயிரம்தான் வரும்.

இப்போது கதாநாயகி எலிசபெத் வீட்டுக்கு வருவோம். அப்பா பெனட்டுக்கு வருஷம் 2,000 பவுண்டு வருமானம், குறைச்சல் இல்லை. ஆனால் அந்த எஸ்டேட் ஆண் வாரிசுக்குத்தான் போகும் என்று முன்பே எழுதிவைக்கப்பட்டது, வீட்டிலோ ஐந்தும் பெண். அவர் கண்ணை மூடினால் வீடும் நிலமும் தூரத்து உறவுக்காரன் காலின்ஸுக்கு. அம்மா பேரிலும் பிள்ளைகள் பேரிலும் இருப்பது 5,000 பவுண்டு. அம்மா காலத்துக்குப் பிறகு சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரம், நாலு சதவீதத்தில் வருஷத்துக்கு 40 பவுண்டு. டார்சியின் வருமானத்தில் 250இல் ஒரு பங்கு. எலிசபெத்தைப் பெண் கேட்கிற அதே பேச்சில் காலின்ஸ் இந்த ஆயிரத்தையும் அதன் வட்டி விகிதத்தையும் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் இதைக் குத்திக்காட்ட மாட்டேன் என்று வேறு பெருந்தன்மை காட்டுகிறான். முதல் முறை படித்தபோது விழுந்து விழுந்து சிரித்த இடம் அது. இப்போது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் ஆள் அசடு என்றாலும் கணக்கு சரி. எலிசபெத் வேண்டாம் என்று தள்ளிய அவனை அவளுடைய தோழி, 27 வயது சார்லட், கட்டிக்கொள்வதைத் தப்பு சொல்லவும் மனம் வரவில்லை.

எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியா ராணுவ அதிகாரி விக்கமுடன் ஓடிப்போகிற பகுதி இன்னும் மோசம், அதாவது இன்னும் பிரமாதம். விக்கமின் கடன் மட்டும் ஆயிரம் பவுண்டுக்கு மேல். அதை வேறு யாரோ அடைத்துவிட, அவன் லிடியாவைக் கட்டிக்கொள்வதற்காகப் பெனட் தன் பங்குக்கு வருஷம் 100 பவுண்டு தர வேண்டும். அவர் என்ன யோசிக்கிறார் தெரியுமா? லிடியா வீட்டில் இருந்தாலும் சாப்பாடு, கைச்செலவு, அம்மா ரகசியமாகக் கொடுப்பது எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகியிருக்கும், ஆகையால் நஷ்டம் வருஷத்துக்குப் பத்து பவுண்டுகூட இராது என்று. பெற்ற அப்பா!

குறை ஒன்று உண்டு. யார் உழைப்பில் இந்த வீடுகள் ஓடின என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நடன விருந்துக்கு முன்பு நாலைந்து நாள் விடாத மழை, பெண்கள் வெளியே போக முடியவில்லை, ஷூவில் வைக்கும் துணிப்பூவைக்கூட ஆள் விட்டுத்தான் வாங்கினார்கள் என்று போகிற போக்கில் வருகிறது. அந்த மழையில் நனைந்து போன ஆள் யார்? பேர்கூட இல்லை. நெப்போலியனுடன் போர் நடந்த காலம் அது, ஆனால் இங்கே ராணுவம் என்றால் நடனத்துக்கு வருகிற சிவப்புக் கோட்டு இளைஞர்கள்தான். ஆசிரியருக்குத் தெரியாமல் போனதா, அவர் காட்டிய வீடுகளின் கண்ணுக்கே அவ்வளவுதான் தெரிந்ததா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது.

நான் வாங்கிய பதிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குறிப்புகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் எல்லாம் புத்தகத்தின் கடைசியில். ஒவ்வொரு சட்ட வார்த்தைக்கும் விரலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் புரட்டிப் புரட்டி அட்டை கழன்றுவிட்டது. எழுத்தும் பொடி. முன்னுரையில் ஒரு தகவல் உட்காரவைத்தது: இந்த நாவலின் உரிமையை ஆஸ்டின் விற்றது 110 பவுண்டுக்கு, அவர் எதிர்பார்த்ததோ 150. 1813இல் மூன்று பாகமாக 18 ஷில்லிங் விலையில் வந்தபோது அட்டையில் அவர் பெயரும் இல்லை. விக்கமின் கடனில் பத்தில் ஒரு பங்கு தேறுமா அந்த 110?

அதே முன்னுரையில் யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பதையும் போட்டு உடைத்துவிட்டார்கள். முதல் முறை படிப்பவர்கள் அதைத் தாண்டி நேராகக் கதைக்குப் போய்விடுங்கள்.