உதய்ப்பூரில் சூரியன் மறைவதைப் பார்க்க: மலையா, அணைக்கரையா, படித்துறையா?

உதய்ப்பூரில் ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால் எங்கே போய் நிற்பது? ஊருக்குப் புதிதாக வருகிறவர்களைப் பெரும்பாலும் சஜ்ஜன்கட் மலைக்கோ கர்ணி மாதா ரோப் காருக்கோ அனுப்பிவிடுவார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் ஃபதேசாகர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் சுற்றிவிட்டு நான் அம்ப்ராய் படித்துறையின் பக்கம் சாய்ந்துவிட்டேன். அங்கே சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் மறையும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

முதலில் சஜ்ஜன்கட். மகாராணா சஜ்ஜன் சிங் 1884-இல் தொடங்கிய மழைக்கால அரண்மனை இது. கடல் மட்டத்திலிருந்து 944 மீட்டர் உயரம். மேகம் பார்க்கவே தேர்ந்தெடுத்த இடம் என்பதால் உயரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேற்கே ஆரவல்லி மலைகள் வரிசை வரிசையாக மங்கிக்கொண்டே போகும். சிக்கல் என்னவென்றால், நகரத்து ஏரிகள் இருப்பது கிழக்கே. சூரியனைப் பார்த்தால் ஏரி இல்லை, ஏரியைப் பார்த்தால் சூரியன் இல்லை. தவிர, இது வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. அடிவாரத்தில் சீட்டு வாங்கி, வண்டி பிடித்து மேலே போக வேண்டும். இருட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே இறங்குவார்கள். நான் போனது குளிர்காலத்தில். மழைக்காலத்தில் போனவர்களிடம் கேட்டால் வேறு தீர்ப்பு சொல்லலாம். அரண்மனையைக் கட்டியதே அந்தப் பருவத்துக்காகத்தானே.

கர்ணி மாதா மலையில் அந்தச் சிக்கல் இல்லை. பிச்சோலா ஏரியும் சூரியனும் ஒரே பக்கம் அமைந்துவிடும். ஏறவும் வரிசை, இறங்கவும் வரிசை. முழங்கால் ஒத்துழைத்தால் படிக்கட்டும் உண்டு. மாலை நேரப் படகுச் சவாரி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வானம் சிவக்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்துப் படகைக் கரைக்குத் திருப்பினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஃபதேசாகர் என் இரண்டாவது தேர்வு. கிழக்குப் பக்கம் நீளமான அணைக்கரை, எதிரே தண்ணீர், அதற்கப்பால் மலை. சோளம் சுடுகிறவர்களும் காபிக் கடைகளும் உண்டு. சீட்டு எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மேற்கே மலை நிற்பதால், செய்தித்தாளில் போட்டிருக்கும் நேரத்துக்குப் பத்து இருபது நிமிடம் முன்பே சூரியன் மறைந்துவிடும். எந்த இடத்தில் மறையும் என்பதும் மாதத்துக்கு மாதம் மாறும். இந்த ஊரில் ஜூன் கடைசியில் மறையும் புள்ளிக்கும் டிசம்பர் கடைசியில் மறையும் புள்ளிக்கும் நடுவே ஏறத்தாழ 50 பாகை இடைவெளி. இணையத்தில் பார்த்த ஒரு படத்தை நம்பி அதே இடத்தில் போய் நின்றால் ஏமாற்றம்தான்.

சரி, அம்ப்ராய். பிச்சோலாவின் மேற்குக் கரையில் இருக்கும் படித்துறை. நேர் எதிரே நகர அரண்மனையின் நீண்ட சுவர். சுமார் 244 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம். வலப்பக்கம் தண்ணீருக்கு நடுவே வெள்ளைப் பளிங்கில் ஜக் நிவாஸ். 1746-இல் முடிந்த அந்த அரண்மனை இப்போது ஓட்டலாக இருக்கிறது. பின்னால் சூரியன் இறங்க இறங்க, மலையின் நிழல் முதலில் நம்மேல் விழும். பிறகு தண்ணீரைக் கடக்கும், எதிர்ச்சுவரின் அடியைத் தொடும், அங்கிருந்து மாடி மாடியாக ஏறும். கீழே சாம்பல், மேலே தங்கம். கடைசியில் உச்சியில் இருக்கும் குவிமாடங்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சும். சூரியனை நேராகப் பார்த்தால் கண்ணைச் சுருக்க வேண்டும், போனில் எடுத்தால் எல்லாம் கறுப்பாக விழும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் எனக்கு முடிவு செய்து கொடுத்தது அதற்குப் பிறகான அரைமணி நேரம். மற்ற இடங்களில் வட்டம் மறைந்ததும் காட்சி முடிந்துவிடுகிறது. கூட்டம் கால்சட்டையைத் தட்டிவிட்டு எழுந்துவிடும். சஜ்ஜன்கட்டில் எழுந்தே ஆக வேண்டும். அம்ப்ராயில் அப்போதுதான் கிழக்கு வானத்தில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்து ஏறும், அரண்மனையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும், இரண்டும் சேர்ந்து தண்ணீரில் விழும். மேகம் மூடி சூரியனே தெரியாத மாலையிலும் இந்தப் பாதி தப்பாது. ஒரே ஒரு மாலையை வைத்துக்கொண்டு போகிறவருக்கு இது சின்ன விஷயமா?

குறைகளும் உண்டு. இடம் சிறியது, திருமணத்துக்கு முன் படமெடுக்க வரும் ஜோடிகள் முன்படிகளைப் பிடித்துக்கொள்வார்கள். சூரியன் நெருப்புப் பந்தாக இறங்குவதைப் பார்த்தால்தான் திருப்தி என்பவர்கள் ஃபதேசாகருக்கே போகலாம். பிச்சோலா மனிதர் உருவாக்கிய ஏரி, மழையை நம்பி இருப்பது. மழை பொய்த்த ஆண்டுகளில் வறண்டதும் உண்டு. கோடையில் போனால் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேரம். நம் ஊர்ப் பழக்கத்தில் கணக்குப் போடாதீர்கள். டிசம்பர் கடைசியில் சென்னையைப் போலவே ஆறு மணிக்குள் மறைந்துவிடும், சுமார் 5.50-க்கு. ஜூன் கடைசியில் 7.25 வரை போகும். ஜகதீஷ் கோயில் பக்கம் தங்கியிருந்தால் நடைபாலம் வழியாகவே படித்துறைக்கு வந்துவிடலாம், ஆட்டோ வேண்டாம். திரும்பும்போது அக்கரையில் பாகோர் கி ஹவேலி என்ற பழைய மாளிகையில் இரவு ஏழு மணிக்கு ராஜஸ்தானி நடன நிகழ்ச்சி நடக்கும். குளிர்காலத்தில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு அதற்கும் போகலாம். ஜூனில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.