இகுவானா வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் தரும் 'பேப்பரை' நம்பாதீர்கள்

சென்னையில் வாடகை அபார்ட்மென்டில் இருந்துகொண்டு இகுவானா என்ற வெளிநாட்டுப் பல்லியை வளர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கியது ஒரு சின்னக் கடையில். வியாபாரம் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான்.

பணம் கொடுக்கும் முன்பே லைசென்ஸ் பற்றிக் கேட்டேன். "பேப்பர் பக்காவா தர்றேன் சார், எவனும் ஒண்ணும் கேட்க முடியாது" என்றார். தந்தது 20 ரூபாய் பத்திரத்தில் நோட்டரி முத்திரை குத்திய ஓர் உறுதிமொழி.

ஹவுஸ் ஓனர் நியாயமான மனிதர். "தம்பி, கவர்மென்ட் பேப்பர் இருந்தா காட்டுங்க, அசோசியேஷன்ல நான் பேசிக்கிறேன்" என்றார். வனத்துறை அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. இகுவானா, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2024இல் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். விற்றவர் பெயரில் பதிவே இல்லை. அப்புறம் என் பெயருக்கு எதை மாற்றுவது?

பல்பு கதை இன்னும் மோசம். வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தரும் பல்பு என்று தனியாக 2,000 ரூபாய் வாங்கினார். கொஞ்ச நாளில் குட்டிக்குக் கால் நடுங்கியது, தாடை மெத்தென்று ஆனது. எக்ஸ்ரேயில் எலும்பு மங்கலாகத் தெரிந்தது. யுவிபி ஒளி படாவிட்டால் அதன் உடம்பில் வைட்டமின் டி3 சரியாக உருவாகாது. டி3 இல்லாமல், தின்ற கால்சியம் எலும்பில் சேராது. டாக்டர் கையில் வாங்கிப் பார்த்த பல்பு, நீலப் பூச்சு பூசிய சாதா பல்பு. "ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாடி வெச்சாலே வெயில் போதும்" என்று கடைக்காரர் சொன்னதும் பொய். ஜன்னல் கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். 'கைக்கு அடக்கமாவே இருக்கும்' என்றாரே, வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஐந்தடி.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் நட்சத்திர ஆமை தருகிறாராம், வீட்டுக்கு ராசியாம்! அது நம் நாட்டுக் காட்டுயிர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம், ஜெயில் வரை போகும். வேண்டாம் என்றதும் என்னை பிளாக் செய்துவிட்டார். அந்த சாட் முழுவதையும் புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

ஹவுஸ் ஓனர் மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வைத்தியம் நடக்கிறது. உங்களிடம் யாராவது அட்வான்ஸ் கேட்டால், அவர் பெயரிலுள்ள பதிவுச் சான்றிதழை முதலில் கேளுங்கள். நாளைக்கு அனுப்புகிறேன் என்றால், பணமும் நாளைக்கே என்று சொல்லிவிடுங்கள்.