மே முதல் நாளின் இரண்டு படங்கள்: ‘ரெட்ரோ’வும் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும்

2025 மே 1 அன்று ஒன்றாக வெளியான ‘ரெட்ரோ’வையும் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யையும் காரைக்குடியில் அடுத்தடுத்த நாள்களில் பார்த்தேன். முதலாவதற்குக் கார்த்திக் சுப்பராஜ், சூர்யா, சந்தோஷ் நாராயணன் என்ற பெயர்களே கூட்டம் சேர்த்துவிட்டன. இரண்டாவதோ அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். சசிகுமாரும் சிம்ரனும் இல்லையென்றால் சுவரொட்டியை யாரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பெரிய செலவைக் கண்டு மலைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்துக்கு ஆகாது; 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ இங்கே தேவகோட்டை ரஸ்தாவில், கொட்டகைகளுக்குள் எடுக்கப்பட்ட படம்.

‘ரெட்ரோ’வில் உச்சம் என்றால் அது ‘கனிமா’ பாட்டோடு தொடங்கி, ஏறத்தாழ கால் மணி நேரம் வெட்டே இல்லாமல் ஓடும் கல்யாணக் காட்சிதான். ஆட்டமும் கொண்டாட்டமுமாக இருந்த மண்டபம் கண்ணெதிரே அடிதடியாகி, அடிதடி பிரிவாகிறது. எந்த இடத்தில் மாறியது என்று சொல்ல முடியவில்லை. முகப்பில் வரவேற்பும் வளவு என்னும் உள்முற்றத்தில் சிரிப்பும் இரண்டாங்கட்டில் சீர் பற்றிய சச்சரவுமாக ஒரே நேரத்தில் நடக்கும் செட்டிநாட்டுக் கல்யாண வீட்டை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியின் உண்மை உடனே பிடிபடும். சிரிக்கத் தெரியாத பாரி என்ற மனிதனைச் சூர்யா முகத்தசை அசையாமலேயே புரியவைக்கிறார். அதன் பிறகு கதை தீவுக்குப் போகிறது; காதல், சிரிப்பு, போர் என்று பிரித்துச் சொல்லப்படும் கதையில் போருக்குக் கொடுத்த இடத்தைக் காதலுக்குக் கொடுக்கவில்லை. பூஜா ஹெக்டேயின் ருக்மிணியை நாயகன் தேடுகிறானே தவிர, படம் தேடவில்லை.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் காட்டுவதற்கு ஒரு காலனியும் சில அறைகளும்தான். இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பம், பேச்சே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற அச்சத்தோடு சென்னையில் வாழ்வதுதான் கதை. என்னோடு படம் பார்க்க வந்த என் அப்பத்தாவின் ஐயா கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர். அந்தக் கொழும்புக் கடையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து தங்கிப்போன யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் பேச்சை அப்பத்தா சிறு வயதில் கேட்டிருக்கிறார். இடைவேளையில் முறுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “பேச்சு ஒட்டித்தான் வருது, ஆனா அவுக இன்னும் கொஞ்சம் இழுத்துப் பேசுவாக” என்றார். காலனியில் மூதாட்டி ஒருவர் இறந்தபோது அந்தக் குடும்பம் சொந்தக்காரர்களைப் போல முன்வந்து நிற்கும் இடத்தில் மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை. முறுக்கு அப்போதும் கையிலேயே இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. சந்தித்த எல்லோரும் நல்லவர்களாக மாறிவிடுவதால், பிடிபட்டுவிடுவார்களோ என்ற பதைப்பு நீர்த்துப்போகிறது. பல காட்சிகளில் கேமரா வைத்த இடத்திலேயே நிற்கிறது. ஷான் ரோல்டனின் இசையும் அழ வேண்டிய இடத்தை நமக்கு முன்பே அறிவித்துவிடுகிறது.

எனினும், ‘ரெட்ரோ’வின் அந்தக் கால் மணி நேரத்துக்கு ஈடான தொழில்திறன் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் எங்கும் இல்லாதபோதும், முழுப் படமாக எடை போட்டால் என் தட்டு சிறிய படத்தின் பக்கமே தாழ்கிறது. இருப்பினும் ‘ரெட்ரோ’ திரையரங்கில் ஓடியபோதே பார்த்திருக்க வேண்டிய படம், கைப்பேசியில் அந்தக் கல்யாண மண்டபம் சுருங்கிவிடும். சிறிய படத்துக்கு அந்த அவசரம் இருக்கவில்லை, வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து பார்த்தாலும் அது குறையாது.