டிவி கீபோர்டுக்கு ‘ஆக்டிவேஷன் கட்டணம்’ கேட்டால் கொடுக்காதீர்கள்

ஸ்மார்ட் டிவிக்கு வயர்லெஸ் கீபோர்டு வாங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். என்னிடம் பணம் பறித்த அதே பேச்சு இன்னொருவரிடம் எடுபடக் கூடாது.

ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துவது அப்பாவுக்குப் பெரும் அவஸ்தை. அதனால் ‘எல்லா ஸ்மார்ட் டிவிக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்த சின்னக் கீபோர்டு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கீபோர்டின் சிக்னலை வாங்கும் சின்ன யுஎஸ்பி டாங்கிளை டிவியில் செருகியதும் அம்பு விசைகளும் என்டரும் வேலை செய்தன. வீடியோ ஆப்பின் தேடல் பெட்டியில் மட்டும் ஓர் எழுத்துகூட விழவில்லை. பெட்டிக்குள் உதவி எண் அச்சிட்ட சீட்டு இருந்தது, அழைத்தேன்.

பேசியவர் மிகவும் பணிவாகப் பேசினார். டிவி மாடலைக் கேட்டுக்கொண்டு, “உங்க டிவியில கீபோர்டு சர்வீஸ் ஆக்டிவேட் ஆகலை சார். ஒரு தடவை கட்டினா போதும்” என்றார். கட்டினேன். அப்போதும் எழுத்து விழவில்லை. உடனே, “சர்வர்ல சிக்கல், பணத்தைத் திருப்பி அனுப்பிடறேன். போன்ல ஒரு ஆப் போடுங்க” என்றார். போன் திரையை அப்படியே அவருக்குக் காட்டும் ஆப் அது. வங்கி அனுப்பும் ஓடிபி வரை அவர் கண்ணில் பட்டுவிடும். இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

விற்றவரோ, பெட்டியைப் பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், அந்த எண்ணும் எங்களுடையதல்ல என்று கைவிரித்துவிட்டார். சீட்டு வந்தது அவர் அனுப்பிய பெட்டிக்குள்தான்.

சரி, உண்மை என்ன? கீபோர்டுக்கு ஆக்டிவேஷன் என்ற ஒன்றே கிடையாது. யுஎஸ்பியோ புளூடூத்தோ, ஹெச்ஐடி என்ற பொதுத் தரத்தில்தான் அது டிவியோடு பேசுகிறது. அதற்குக் கணக்கும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். பல ஆப்கள் தங்கள் சொந்தத் திரை விசைப்பலகையை மட்டுமே ஏற்பதால்தான் எழுத்து விழுவதில்லை. பணம் கட்டினாலும் அது மாறாது. ஆப்களில் உள்நுழையும்போது டிவி திரையில் ஒரு குறியீடு வருமே, அதை வைத்துத்தான் ‘ஆக்டிவேஷன்’ பேச்சை நம்ப வைக்கிறார்கள். சந்தா வேறு விஷயம். குறியீட்டை உள்ளிடுவதற்கென்று எந்தக் கட்டணமும் இல்லை.

மலிவான டாங்கிள் கீபோர்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2016இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், 8 தயாரிப்பாளர்களின் வயர்லெஸ் கீபோர்டுகள் தட்டும் எழுத்துகளை மறையாக்கம் செய்யாமலே, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றாமலே, அனுப்புவதைக் கண்டறிந்தது. சுமார் 250 அடி தூரத்திலிருந்தே அவற்றைப் படிக்க முடிந்தது. புளூடூத் கீபோர்டுகள் அந்தப் பட்டியலில் இல்லை. எந்த வகை என்று தெரியாத கீபோர்டில் கடவுச்சொல்லையும் கார்டு எண்ணையும் தட்டாதீர்கள்.

வாங்கும் முன் உங்கள் டிவியின் கையேட்டில் கீபோர்டு ஆதரவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சில டிவிகளின் யுஎஸ்பி துளை பென்டிரைவுக்கு மட்டும்தான். கூகுள் டிவி வைத்திருப்பவர்களுக்குப் போனில் உள்ள அதே பெயர் ஆப்பே ரிமோட்டாகவும் கீபோர்டாகவும் வேலை செய்யும். அப்பா இப்போது அதில்தான் தட்டுகிறார்.

ஏற்கனவே பணம் கட்டியிருந்தால், கார்டின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை உடனே அழையுங்கள். திரை காட்டும் ஆப்பைப் போட்டிருந்தால் முதலில் போனின் இணையத்தைத் துண்டித்து அதை நீக்குங்கள். அப்புறம் வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள்.