வேப் ரெண்டைக் கழட்டிப் பாத்தன்: கொயிலுக்கு ஒரு ரிவியூ

முதல்லயே மார்க்ஸைப் போட்டுட்டுக் கதைக்கிறன். அஞ்சுக்கு ஒண்டு. அந்த ஒண்டும் பற்றரிக்குத்தான், கொயிலுக்கு, அதாவது உள்ள லிக்குயிட்டைச் சூடாக்கிற கம்பிக்கு, முட்டை.

மேசையில ரெண்டு வேப், அதாவது மின் சிகரெட், கிடக்கு. ஒண்டு இழுத்து முடிய எறியிற டிஸ்போசபிள், பெட்டியில 12000 பஃப் (இழுப்பு) எண்டு பெரிசாப் போட்டு மாம்பழப் படம் ஒட்டின சாதி. மற்றது பொட் எண்டுற சின்னக் குடுவையை மாத்தி லிக்குயிட் ஊத்துற வகை, லண்டனில இருந்து கலியாணத்துக்கு வந்த ஆரோ விட்டுட்டுப் போனதாம். ரெண்டும் சார்ஜ் ஏறேல்ல எண்டுதான் என்ர போன் ரிப்பயர் கடைக்கு வந்தது. கிளிநொச்சியில ஏ9 ஓரம் கடை வச்சிருக்கிற ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், இப்ப பரந்தன் பக்கத்துப் பெடியளும் புதுக்குடியிருப்பில இருந்து வாறவையும் போனோட சேத்து இதையும் எடுத்து நீட்டுறாங்கள். பெட்டியில இருக்கிற பேர் ஒரிஜினலோ கொப்பியோ எண்டு கண்டுபிடிக்க வழியில்லை, அதால பேரை இதில போடேல்ல. நானும் சிகரெட் பத்துற ஆள்தான், நல்லபிள்ளை வேசம் போட வரேல்ல, இழுத்தும் பாத்தன், ருசி நல்லாத்தான் இருக்கு, அதுதான் பிரச்சினையும்.

வித்தவன் பெடியனுக்குச் சொன்னது "இது புகை இல்லை தம்பி, வெறும் தண்ணி ஆவி". தண்ணியும் இல்லை, வெறுமையும் இல்லை. உள்ள இருக்கிறது புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், நிக்கொட்டின், வாசம், இனிப்பு. அதைச் சூடாக்கிறது ஒரு உலோகக் கம்பி. சிகரெட்டில புகையிலை எரியுது, இதில எரியிறதுக்குப் பதிலா அந்தக் கம்பி சூடாகி லிக்குயிட்டை ஆவியாக்குது, அந்த ஆவி கம்பியைத் தொட்டுக்கொண்டுதான் நெஞ்சுக்க போகுது. அப்ப அந்தக் கம்பி என்ன கம்பி எண்டு கேக்கிறது நியாயம் தானே. பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பாத்தன், 5% நிக்கொட்டின் எண்டு இருக்கு, மெஷ் கொயில் எண்டு இருக்கு, கொயில் எதால செய்தது எண்டு ஒரு எழுத்தும் இல்லை. நான் கடையில பாவிக்கிற சோல்டர் ஈய றோலில 60/40 எண்டு போட்டிருக்கு, அறுபது வெள்ளீயம் நாப்பது ஈயம், அதை நான் வாயில வைக்கிறதும் இல்லை. வாயில வச்சு நாள் முழுக்க உறிஞ்சிற சாமானில அந்த விபரம் கூட இல்லை.

சரி, கழட்டினதைச் சொல்லுறன். டிஸ்போசபிளின்ர அடி மூடியை நெம்பினா பற்றரி, அதுக்கு மேல சின்னச் சேர்கிட், இழுக்கிற காத்தை உணருற சென்சர் ஒண்டு, அதுக்கு மேல லிக்குயிட் ஊறின பஞ்சு, நடுவில விரல் நுனியளவு உருளைக்குள்ள வலை மாதிரி வெட்டின தகடு. அதுதான் மெஷ் கொயில். முதல்ல ஏதோ வெள்ளி நிறத்தில இருந்திருக்கும், இப்ப மண்ணிறத்தில அடிப்பிடிச்ச பால் மாதிரி ஒரு படை, நகத்தால சுரண்டினா கொஞ்சம் செதிலா வருது, மிச்சம் வராது. அது பெரும்பாலும் லிக்குயிட்டில போட்ட இனிப்பு கருகினது. தகட்டைச் சுத்தி இருந்த பஞ்சு ஒரு பக்கம் கறுத்துப் போச்சு. கொயிலின்ர ரெண்டு காலும் போய்ச் சேருற பின் மஞ்சள் நிறம், பித்தளை இனம் எண்டு நினைக்கிறன், ஓரத்தில பச்சையா பாசி பிடிச்ச மாதிரி இருந்தது. அந்தப் பச்சை எனக்குப் பிடிக்கேல்ல. உலோகம் லிக்குயிட்டோட வேலை செய்யுது எண்டதுக்கு அதை விட வேற சாட்சி வேணுமோ?

டிஸ்போசபிளின்ர கொயிலில மல்டிமீற்றர் வச்சா மின்தடை 1.2 ஓம். 3.7 வோல்ட் குடுத்தா கிட்டத்தட்ட 11 வாட். பொட் மாத்துறதின்ர கொயில் 0.8 ஓம், அது 17 வாட். இத்தினூண்டு தகட்டுக்கு 17 வாட் எண்டா சும்மா இல்லை. லிக்குயிட் ஈரமா இருக்கிற வரைக்கும் பயம் குறைவு, ஏனெண்டா கிளைக்கோல் 188 பாகையிலயும் கிளிசரின் 290 பாகையிலயும் கொதிச்சுப் போகேக்க சூட்டையும் எடுத்துக்கொண்டு போயிடும். லிக்குயிட் முடிஞ்சு பஞ்சு காஞ்சாத்தான் கூத்து, சூட்டை எடுக்க ஒண்டுமில்லை, கம்பி தன்பாட்டில ஏறும், பஞ்சு கருகும், கிளிசரின் உடைஞ்சு அக்ரோலின், ஃபோமல்டிஹைட் எண்டு தொண்டையைக் கீறுற சாமானெல்லாம் வரும். டிஸ்போசபிளில உள்ள எவ்வளவு லிக்குயிட் மிச்சம் எண்டு வெளியில இருந்து தெரியவும் மாட்டுது, கருகின ருசி வரேக்கதான் முடிஞ்சது எண்டு தெரியும், அப்பவும் "இன்னும் ரெண்டு இழுப்பு வரும்" எண்டு இழுக்கிறவங்களை நான் கண்ணால பாத்திருக்கிறன்.

கொயிலுக்கு வழமையா போடுற கம்பியள் இதுதான். கந்தால், அது இரும்பு குரோமியம் அலுமினியம் கலவை. நைக்ரோம், நிக்கலும் குரோமியமும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316, அதிலயும் நிக்கல் குரோமியம் இருக்கு. சிலதில தனி நிக்கல், தனி டைட்டேனியம். கந்தாலும் நைக்ரோமும் ஹீற்றர், ரோஸ்டர் வேலைக்குப் பேர் போன கம்பியள், சூட்டைத் தாங்கும், கந்தாலின்ர மேல ஒரு அலுமினியம் ஒக்சைட் தோல் உருவாகி உள்ள இருக்கிறதைப் பாதுகாக்கும், அதெல்லாம் உண்மை. ஆனா அந்தக் கம்பியைச் செய்தவன் காத்தில சூடாகிறதுக்குச் செய்தான், இனிப்பும் நிக்கொட்டினும் கலந்த லிக்குயிட்டுக்க மாசக் கணக்கா ஊறி, சூடாகி, ஆறி, திரும்பச் சூடாகி அந்த ஆவியை மனிசன் உறிஞ்சிறதுக்கில்லை. டைட்டேனியம், நிக்கல் போட்டது வெப்பக் கட்டுப்பாடு இருக்கிற மெசினுக்கு மட்டும்தான், கண்டபடி பவர் குடுக்கக்கூடாது, அதையும் இஞ்ச சொல்லி விக்கிற ஆக்கள் இல்லை.

இதை நான் என்ர மூளையில இருந்து மட்டும் சொல்லேல்ல. 2018 ல அமெரிக்காவில ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆக்கள் தினசரி வேப் பாவிக்கிற 56 பேரின்ர சொந்த மெசினையே வாங்கிச் சோதிச்சவை. போத்தலில இருந்த லிக்குயிட்டில உலோகம் குறைவு, அதே லிக்குயிட் மெசினுக்க போய்க் கொயிலோட இருந்த பிறகு ஈயம், நிக்கல், குரோமியம், மாங்கனீஸ் எல்லாம் எகிறிக் கிடக்கு, ஆவியிலயும் அது வருது. அப்ப எங்க இருந்து வந்தது? மெசினுக்க இருந்துதான். அதில எனக்குச் சுருக்கெண்டு பட்ட விசயம், கொயிலை அடிக்கடி மாத்துறவையின்ர ஆவியில உலோகம் கூட இருக்கிற போக்குத் தெரிஞ்சது, புதுக் கொயில் லேசா விட்டுக் குடுக்குது போல. "கிழமைக்கொருக்கா கொயில் மாத்து மச்சான், சேஃப்" எண்டு சொல்லுறவை இதைக் கொஞ்சம் வாசிக்கலாம். 2025 ல கலிஃபோர்னியா, டேவிஸ் பல்கலைக்கழகத்தில டிஸ்போசபிளுகளைப் பாத்தவைக்கு வந்தது மற்றப் பக்கம், இழுக்க இழுக்க ஆவியில உலோகம் கூடிக்கொண்டு போகுது, நிக்கல் கொயிலில இருந்து, ஈயம் உள்ள இருக்கிற ஈயம் கலந்த வெண்கலத் துண்டுகளில இருந்து. அதில ஒரு டிஸ்போசபிள் ஒரு நாள் பாவிப்பில விட்ட ஈயம் கிட்டத்தட்ட 20 பக்கெட் சிகரெட்டில வாறதை விடக் கூட. புதுசெண்டாலும் நிம்மதியில்லை, பழசெண்டாலும் நிம்மதியில்லை. அந்தப் பச்சை பிடிச்ச பின்னைத் திரும்ப ஒருக்கா எடுத்துப் பாத்தன், இதை வாசிச்ச பிறகு.

கொமன்ட்டில வரப்போறது எனக்குத் தெரியும், "அப்ப நாங்கள் சில்வர் சட்டியில சோறு சாப்பிடேல்லையோ?" சாப்பிடுறம். வயிறு வேற, நெஞ்சு வேற. சாப்பாட்டோட போற ஈயத்தில வளந்த ஆளின்ர உடம்பு ஒரு சின்னப் பங்கைத்தான் உறிஞ்சும், மிச்சம் வெளியால போயிடும். நுரையீரலுக்க ஆழமாப் போற நுண்ணிய தூள் அப்பிடி லேசில வெளிய வராது. நிக்கல் சேர்வைகளையும் ஆறு வலுவுள்ள குரோமியத்தையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதலாம் பிரிவில, அதாவது மனிசருக்குப் புற்றுநோய் தாறது உறுதி எண்ட பிரிவில வச்சிருக்கு. கொயிலில இருந்து வாற குரோமியம் எல்லாம் அந்த ஆறு வலுவுள்ளது எண்டு நான் சொல்ல வரேல்ல, அது வேற விசயம். கவரிங் தோடு போட்டா காது கடிச்சுப் புண் வாற பிள்ளையள் இருக்கினம் தானே, அதுக்கு வழமையான காரணம் இந்த நிக்கல் தான். காதுத் தோலே ஒத்துக்கொள்ளாத சாமானை நெஞ்சுக்க விடுறதோ?

மற்றப் பக்கமும் சொல்லவேணும், இல்லாட்டி இது ரிவியூ இல்லை. 2019 ல அமெரிக்காவில வேப் இழுத்து ஆக்கள் செத்தது, 2020 மாசி வரைக்கும் 2807 பேர் ஆஸ்பத்திரியில, 68 பேர் மோசம் போனது, அதைக் கொயிலின்ர தலையில கட்டேலாது. அது பெரும்பாலும் கஞ்சா எண்ணெயில கலந்த விட்டமின் ஈ அசிற்றேற் செய்த வேலை. அதோட எல்லா மெசினும் ஒரே அளவு உலோகம் விடுறதுமில்லை, ஒண்டுக்கொண்டு பெரிய வித்தியாசம். சிகரெட்டில எரியிறதால வாற தார், காபனோரொட்சைட் இதில இல்லை, அதால இங்கிலாந்தில சிகரெட்டை விட ஏலாத பெரியாக்களுக்கு இதை ஒரு வழியாச் சொல்லுறாங்கள். ஆனா அங்க நிக்கொட்டின் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல விடமாட்டாங்கள், லிக்குயிட் ஊத்துற ராங்க் 2 மில்லிலீற்றர்தான், விக்க முதல் என்னென்ன வெளிய வருது எண்டு பதிஞ்சு குடுக்கவேணும், 2025 ஆனியோட டிஸ்போசபிளையும் தடை செய்தாச்சு. என்ர மேசையில கிடக்கிறது 5%, அதாவது மில்லிலீற்றருக்கு 50. லண்டன் மாமாவின்ர கதையை வச்சுக்கொண்டு கிளிநொச்சிச் சாமானை நம்பேலாது.

இஞ்ச இலங்கையில கதையே வேற. புகையிலை, மதுசாரம் பற்றின 2006 ஆம் ஆண்டு 27 ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ 2016 ல வந்த ஒழுங்குவிதியில புகையிலை கொண்ட மின் சிகரெட்டுக்குத் தடை இருக்கு. அதால விக்கிறவன் லாச்சிக்க இருந்து எடுத்துத் தாறான், பில் இல்லை, வாரண்டி இல்லை, கேள்வி கேட்டா "வேணுமெண்டா எடு தம்பி" எண்டுற பதில். ஐயாயிரத்துக்கு மேல குடுத்து வாங்கின பெடியன் ரெண்டாம் நாளே கருகின ருசி வருது எண்டு திருப்பிக் கொண்டு போக, அந்தக் கடைக்காரர் தனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை எண்டு கையை விரிச்சிட்டாராம். வன்னி வெயிலையும் கணக்கில எடுங்கோ. சித்திரை வைகாசியில மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில போட்டு வச்சா போன் பற்றரியே ஊதுது, இதில லிக்குயிட்டும் உலோகமும் பக்கத்தில பக்கத்தில, கப்பல்ல வந்த நாள், கொழும்பில கிடந்த நாள், கடை லாச்சிக்க கிடந்த நாள் எல்லாம் ஊறிக்கொண்டுதான் இருக்கும். வாங்கிறவன் புதுசு எண்டு நினைப்பான்.

பொட் மாத்துற வகை கொஞ்சம் பரவாயில்லை எண்டு சொல்லலாம், லிக்குயிட் கண்ணுக்குத் தெரியும், காயவிட்டு இழுக்கிறது குறையும். ஆனா அதுக்குப் போடுற கொயில் பக்கெட்டிலயும் உலோகத்தின்ர பேர் இல்லை. இன்னொரு விசர் வேலை பாத்தன், பழைய கொயிலைச் சுத்தமாக்கிறம் எண்டு பஞ்சை எடுத்துப்போட்டுக் கம்பியைச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கிறது. கம்பி சிவக்கிறது எண்டா 500, 600 பாகையைத் தாண்டுது. அந்தச் சூட்டில கம்பியின்ர மேல்தோல் மாறும், கருகின படையோட சேந்து அதுவும் உதிரலாம், பிறகு அதுக்குப் புதுப் பஞ்சு போட்டு இழுக்கிறது. சுத்தமாக்கிற வேலையே இல்லை அது.

பற்றரிக்கு ஒரு மார்க் குடுத்தது ஏனெண்டா செல் நல்ல செல். அதே காரணத்தாலதான் இதையும் சொல்லவேண்டிக் கிடக்கு. முடிஞ்ச டிஸ்போசபிளை வளவுக்குப்பையோட கூட்டி நெருப்பு வைக்காதேங்கோ, லிதியம் செல் வெடிக்கும். மிச்ச லிக்குயிட் நிக்கொட்டின், சின்னப்பிள்ளையின்ர வாய்க்க கொஞ்சம் போனாலும் ஆஸ்பத்திரிதான், மாம்பழம் மணக்கிறதை எந்தப் பிள்ளை விடும்? சிகரெட்டை விடவேணும் எண்டு இதைத் தொட்ட ஆக்கள் சிகரெட்டை விட உதவுற 1948 எண்ட நம்பருக்கு கோல் எடுத்துக் கதைச்சுப் பாருங்கோ. முடிஞ்சதை என்ர கடைக்குக் கொண்டு வந்தா செல்லைக் கழட்டி எடுத்து வைக்கிறன், காசு வேண்டாம். சார்ஜ் ஏறேல்ல, செய்து தாங்கோ அண்ணை எண்டு மட்டும் இனிக் கொண்டு வராதேங்கோ.